டிசைனர் உடைக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனிகளில் பதினான்கு வருடம் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். ஒரு சட்டைக்கு நூல் எத்தனை கிராம், சாயம் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு என்று பைசா வரை கணக்குப் போட்டே பழகியவன். அதனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் யாராவது ஒருவர் போனை நீட்டி "இந்தப் பை மூன்று லட்சமாமே, நிஜமா?" என்று கேட்காமல் விடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். டிசைனர் என்று நான் சொல்வது லூயி விட்டோன், டியோர், குச்சி, ஷனேல், ஹெர்மெஸ், பிராடா மாதிரியான ஐரோப்பியப் பெயர்களையும், கொஞ்சம் நம் நாட்டுக் கல்யாண டிசைனர்களையும்தான். மாலில் கிடைக்கும் இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டைகள் இந்தப் பேச்சில் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், விலைக்குத் தகுமா?

பெரும்பாலானவை தகாது. சில தகும். எவை எவை என்பதற்குத்தான் மீதிப் பக்கம்.

அந்த விலையை எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

எங்கள் ஊரில் காஸ்டிங் ஷீட் என்று ஒன்று போடுவோம். நூல் விலையில் தொடங்கி நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் கொஞ்சம் லாபம் வைத்து ஒரு விலை சொல்வோம். அதில் இரண்டு சென்ட் குறைக்கச் சொல்லி பையர் மூன்று நாள் மெயில் அனுப்புவார். எல்லாம் போகப் பத்து சதவீதம் நின்றால் முதலாளி அன்றைக்கே பழனிக்குப் போய்விட்டு வருவார். விலை கீழிருந்து மேலே ஏறுகிறது, செலவுதான் அதைத் தூக்கிப்போகிறது.

டிசைனர் நிறுவனங்களில் ஏணியைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். விலைதான் முதலில் வரும். யார் வாங்க வேண்டும், அதைவிட முக்கியமாக யாருக்கு எட்டக்கூடாது என்று பார்த்து அதை வைக்கிறார்கள். ஷனேலின் கிளாசிக் ஃபிளாப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவுப் பை 2019ல் அமெரிக்காவில் சுமார் 5,800 டாலர், 2024ல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் தோல் விலையும் தையல் கூலியும் இரண்டு மடங்கு ஆகவில்லை. பையும் பெரிதாக மாறவில்லை. ஏற்றிப் பார்த்தார்கள், வாங்க ஆள் இருந்தது, மறுபடி ஏற்றினார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லூயி விட்டோன், டியோர், ஃபெண்டி எல்லாம் எல்விஎம்எச் என்ற ஒரே குழுமத்தின் கையில் இருக்கின்றன, பெர்னார் ஆர்னோ அதன் தலைவர். 2023ல் அதன் உடை, தோல் பொருள் பிரிவு மட்டும் சுமார் 4,200 கோடி யூரோவுக்கு விற்றது. அதில் 100க்கு 40 யூரோ இயக்க லாபம். பாரிஸ் கடை வாடகை, ஃபேஷன் ஷோ, சினிமா நட்சத்திரங்களுக்குக் கொடுப்பது, ஊழியர் சம்பளம் எல்லாம் போகத்தான் இந்த 40. "அவர்களுக்குச் செலவும் அதிகம்தானே" என்று யாராவது சொன்னால் இந்த ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.

சரி, ஒரு பை செய்ய உண்மையில் எவ்வளவு ஆகிறது?

கம்பெனிகள் இதை வெளியே சொல்வதில்லை. 2024ல் இத்தாலியில் மிலான் நீதிமன்றம் வழியாகக் கொஞ்சம் கசிந்தது. டியோரின் இத்தாலியக் கிளை ஒன்றுக்குப் பை தைத்துக் கொடுத்த பட்டறையை விசாரித்தபோது, கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு பையைச் செய்து கொடுக்க அந்தப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ என்று ஆவணங்களில் வந்தது. அர்மானி விஷயத்தில் மூன்று படி. அடியில் இருந்த பட்டறைக்கு 93 யூரோ, நடுவில் இருந்த ஒப்பந்தக்காரர் அர்மானி நிறுவனத்திடம் வாங்கியது 250 யூரோ, கடையில் விலை 1,800 யூரோ. இரண்டு நிறுவனங்களின் அந்தக் கிளைகளையும் நீதிமன்றம் சில மாதம் தன் மேற்பார்வையில் வைத்திருந்து 2025 தொடக்கத்தில் விடுவித்தது.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். டியோரின் 53 யூரோவில் தோல் விலை இல்லை, வடிவமைப்புச் செலவு இல்லை, கடைச் செலவு இல்லை. அதனால் "53 யூரோ பையை 2,600க்கு விற்கிறான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியில்லை. ஆனால் எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்துப் பார்த்தாலும் விலையில் சின்னப் பங்குதான் வரும்.

எனக்கு அதில் உறுத்தியது விலை கூட இல்லை. அந்தப் பட்டறைகளில் ஆட்கள் வேலை செய்யும் இடத்திலேயே படுத்துத் தூங்கினார்கள், வேகமாக ஓட்டுவதற்காக மெஷினின் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள் என்று அதே ஆவணங்கள் சொல்கின்றன. ஆர்டர் எடுப்பவர் ஒருவர், அவரிடமிருந்து ஜாப் ஒர்க் எடுப்பவர் ஒருவர், தைப்பவர் யாரோ. இந்தச் சங்கிலி எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஒரு வித்தியாசம், எங்கள் ஊருக்கு ஆடிட் பண்ண வரும் ஆட்கள் தீயணைப்புக் கருவியின் தேதி முதல் கழிப்பறைச் சோப்பு வரை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அப்படியென்றால் 'மேட் இன் இத்தாலி' என்பது பொய்யா?

பொய் இல்லை. மேலே சொன்ன பட்டறைகளும் இத்தாலியில்தான் இருந்தன. பொருளைக் கடைசியாக முக்கியமான அளவில் உருமாற்றிய வேலை எந்த நாட்டில் நடந்ததோ, அந்த நாட்டின் பெயரைப் போடலாம் என்பதுதான் பொதுவான விதி. பாகங்கள் வெளியிலிருந்து வந்திருக்கலாம். லேபிள் ஊரைச் சொல்லும், எந்த மாதிரிப் பட்டறை என்பதைச் சொல்லாது.

எல்லாமே சீனாவில் செய்து லேபிளை மட்டும் மாற்றுகிறார்கள் என்று வீடியோ வந்ததே?

2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு வரியை ஏற்றியபோது வந்த வீடியோக்கள் அவை. "ஹெர்மெஸின் பிர்கின் பையை நாங்கள்தான் செய்கிறோம், எங்களிடமே நேரடியாக வாங்குங்கள்" என்றார்கள். ஆதாரம் எதுவும் காட்டவில்லை. விற்க வந்தவர் சொன்னதை அப்படியே நம்புவதா? ஹெர்மெஸ் பை பிரான்சில் அவர்களுடைய சொந்தப் பட்டறைகளில்தான் தயாராகிறது. வேறு சில பிராண்டுகள் சில பொருட்களைச் சீனாவில் செய்வது உண்டு, அதை லேபிளிலேயே போடுகிறார்கள்.

தரம் கொஞ்சமாவது உயர்ந்ததுதானே? விலைக்கேற்றது என்று சொல்வார்களே.

ஒரு எல்லை வரை உண்மை. 300 ரூபாய்ச் சட்டைக்கும் 2,000 ரூபாய்ச் சட்டைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே வித்தியாசம் தெரியும். 2,000க்கும் 6,000க்கும் நடுவிலும் கொஞ்சம் இருக்கும், நல்ல நீள இழைப் பருத்தி, நெருக்கமான தையல், காலர் நிற்கும் அழகு என்று. 6,000த்திலிருந்து 60,000த்துக்குப் போகும்போது துணியில் ஏறுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. பருத்தி பருத்திதான். உலகத்தில் கிடைக்கும் மிக நல்ல பருத்தி நூலைப் போட்டாலும் ஒரு சட்டைத் துணிக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. அதற்குமேல் நீங்கள் கொடுப்பதை அந்தச் சட்டையில் தேடினால் கிடைக்காது, கடையின் பளிங்குத் தரையிலும் விளம்பரப் பலகையிலும் இருக்கும்.

விலையை நம்பாமல் கையால் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டையைத் தலைகீழாகத் திருப்புங்கள், உள்பக்கம் பொய் சொல்லாது. ஒரு அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையலாவது இருக்கிறதா, கட்டம் போட்ட துணி என்றால் பாக்கெட்டில் கட்டம் சேர்கிறதா, பட்டனின் நூல் இப்போதே தொங்குகிறதா என்று பாருங்கள். டீ-ஷர்ட் என்றால் இரண்டு தடவை துவைத்தபின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருகிறதா என்பதுதான் பரீட்சை. எங்கள் ஊரில் அதற்கு ஸ்பைராலிட்டி என்று பெயர், அது வந்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லேபிளில் ஐந்து இலக்க விலை போட்ட ஒரு டீ-ஷர்ட்டிலும் அந்த முறுக்கலைப் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டிருந்தவர் என் மைத்துனர் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

கோட் என்றால் முன்பக்கத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே தனியாக ஒரு அடுக்கு நழுவினால் கேன்வாஸ் வைத்துத் தைத்தது, பல வருடம் வரும். எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்தால் பசை போட்டு அழுத்தியது, நாலைந்து டிரை கிளீனிங்கில் கொப்புளம் கிளம்ப வாய்ப்பு அதிகம். ஷூவில் அடிப்பாகம் தைத்ததா ஒட்டியதா என்று பாருங்கள். தைத்தது என்றால் தேய்ந்தபின் அடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்த மாதிரி ஷூ வாங்க மிலானுக்குப் போக வேண்டியதில்லை, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து பல வருடமாக வெளிநாட்டுக்குத் தோலும் ஷூவும் போய்க்கொண்டிருக்கின்றன.

லூயி விட்டோன் பை அசல் தோல்தானே?

எல்லோரும் பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் அந்தப் பழுப்பு நிற எல்வி எழுத்துப் பை முக்கால்வாசி தோல் இல்லை. கேன்வாஸ் துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு. கைப்பிடி, ஓரங்கள் மட்டும் தோல். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஆனால் கம்பெனியே மறைக்கவில்லை. தண்ணீர் பட்டால் கெடாது, வருடக்கணக்கில் உழைக்கும், அதில் குறை சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்துக் கோலத்தை 1896ல் ஜார்ஜ் விட்டோன் கொண்டுவந்ததே போலிகளைத் தடுக்கத்தான். இன்றைக்கு உலகத்தில் அதிகமாகப் போலி செய்யப்படும் டிசைன்களில் அதுவும் ஒன்று.

ஹெர்மெஸ் பிர்கின்? அதையும் தகாது என்பீர்களா?

இங்கேதான் நான் கொஞ்சம் தடுமாறுவேன். ஒரு பையை ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் கடைசி வரை செய்கிறார், பதினைந்து இருபது மணி நேரம் ஆகும். குதிரைச் சேணம் தைக்கும் முறை, ஒரே நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. மெஷின் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் அப்படியே ஓடிக்கொண்டே போகும், இதில் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். வேலை தெரிந்தவன் கண்ணுக்கு அது அழகு, மறுக்கவே மாட்டேன்.

ஆனால் கணக்கு கணக்குதானே. பிரான்சில் வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 50 யூரோ என்று தாராளமாக வைத்தாலும் இருபது மணி நேரத்துக்கு ஆயிரம் யூரோ. மிக நல்ல தோலுக்கு இன்னும் சில நூறு. பை பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். அதையும் கடைக்குள் போய்க் கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள், அந்தக் கடையில் வேறு பொருட்களை வாங்கி முகம் பழகினால்தான் கிடைக்கிறது என்று புகார் சொல்லி 2024ல் கலிபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்கே போட்டார்கள். பணத்தைக் கொடுக்கத் தயாராக இருப்பவனைக் காக்க வைப்பது இருக்கிறதே, வியாபாரத்தில் அது பெரிய வித்தை.

1980களில் நடிகை ஜேன் பிர்கினுக்காகச் செய்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. தேய்ந்து, கறை பிடித்த பை. அதைப் பை என்று யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள், காந்தியின் கண்ணாடியை ஏலம் எடுப்பது போலத்தான்.

லோகோ போட்ட டீ-ஷர்ட்?

வேண்டாம். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 180 கிராம் எடை) துணியில் ஒரு சாதாரண வட்டக்கழுத்து டீ-ஷர்ட்டைக் கப்பல் ஏற்றும் வரை இரண்டு மூன்று டாலர் ஆகும், கனமான துணி, நல்ல பிரிண்ட் என்று போனால் ஐந்தாறு. 2016ல் வெத்மான் என்ற பாரிஸ் பிராண்டு, டிஎச்எல் கூரியர்காரர்களின் மஞ்சள் டீ-ஷர்ட்டை அப்படியே காப்பியடித்து 185 பவுண்டுக்கு விற்றது. விற்றுத் தீர்ந்தது. அதற்குமேல் நான் என்ன சொல்ல.

பாரிஸ் ஷோவில் காட்டும் கவுன்கள் நிஜமாகவே அவ்வளவு விலையா?

ஓத் கூத்யூர் என்பது அது. 1945 முதல் பிரான்சில் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அங்கீகாரம் பெற்ற சில டிசைனர் நிறுவனங்கள்தான் பயன்படுத்தலாம். ஜனவரியிலும் ஜூலையிலும் ஷோ. வாங்குபவரின் உடம்புக்கு அளவெடுத்துக் கையால் நூற்றுக்கணக்கான மணி நேரம் செய்யும் வேலை. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், இந்தப் பட்டியலிலேயே விலைக்கும் உழைப்புக்கும் ஓரளவு நேர்மையான உறவு இருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆனால் வாங்குபவர்கள் உலகம் முழுக்கச் சில ஆயிரம் பேர்தான். பிறகு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? அந்தக் கவுனைப் பார்த்து ஏங்குபவர்களுக்குக் கீழே லிப்ஸ்டிக்கும் சென்ட் பாட்டிலும் விற்கத்தான்.

அப்படியானால் டிசைனர் சென்ட், கூலிங் கிளாஸ் வாங்கலாமா? அது மட்டும்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும்.

வாங்குங்கள், பிடித்திருந்தால். ஆனால் யார் செய்கிறார்கள் என்று தெரிந்து வாங்குங்கள். அர்மானி, இவ் சான் லோரான் சென்ட்டைச் செய்து விற்பது லோரியால், நம் ஊர் மருந்துக்கடையில் ஷாம்பு விற்கும் அதே கம்பெனி. பிராடா, ஷனேல், வெர்சாச்சே கண்ணாடிகளைச் செய்வது எஸிலோர்லக்ஸோட்டிகா. ரே-பேனும் ஓக்லியும் அவர்களுக்கே சொந்தம். டிசைனர் பெயரை வாடகைக்கு எடுத்து ஓரத்தில் பொறிக்கிறார்கள். பெயரை வாடகைக்கு விடுவதில் மன்னன் பியர் கார்டான், நூற்றுக்கணக்கான பொருட்களுக்குத் தன் பெயரைக் கொடுத்தார். நாம் பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய பியர் கார்டின் பேனா நினைவிருக்கிறதா? அதே மனிதர்தான். பாரிஸ் ஃபேஷன் மேதை என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது, பேனாக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

விலை அதிகம் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று மனசு நினைக்கிறதே, ஏன்?

2018ல் பேலெஸ் என்ற அமெரிக்க மலிவுச் செருப்புக் கடைக்காரர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு கடையை எடுத்து, தங்கச் சிலை எல்லாம் வைத்து, 'பலெஸி' என்று இத்தாலிய வாடை அடிக்கும் பெயர் வைத்து, சமூக ஊடகப் பிரபலங்களை அழைத்தார்கள். இருபது முப்பது டாலர்ச் செருப்புகளையே உள்ளே வைத்திருந்தார்கள். வந்தவர்கள் தோலைத் தடவிப் பார்த்து, ஆகா என்ன வேலைப்பாடு என்று வியந்தார்கள். அதிகபட்சமாக ஒருவர் 640 டாலர் கொடுத்தார். பிறகு உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இதைவிட நமக்கு நெருங்கிய கதை ஒன்று உண்டு. மதராஸ் செக் துணி. 1958ல் ஒரு அமெரிக்க வியாபாரி சென்னையில் கைத்தறிக் கட்டத் துணியைக் கெஜம் ஒரு டாலருக்கு வாங்கிப் போனார். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும், சாயம் போகும் என்று இங்கே சொல்லித்தான் அனுப்பினார்கள். அது கடை வரை போய்ச் சேரவில்லை. நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் அதில் சட்டை, கால்சட்டை தைத்து விற்க, வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட, சாயம் ஓட, சண்டை வந்தது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? "ஒவ்வொரு துவைப்புக்கும் நிறம் கலந்து புதுசாக மாறும் அதிசயத் துணி" என்று பத்திரிகையில் எழுத வைத்தார்கள். சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் வந்தது, துணி பிய்த்துக்கொண்டு போனது. இங்கே சாயம் போனால் கடைக்காரர் சட்டையைப் பிடிப்போம்.

அந்த விலையில் நம் ஊர் கைவேலைக்கு ஏதாவது பங்கு வருகிறதா?

வேலை வருகிறது, பெயர் இப்போதுதான் மெல்ல வருகிறது. 2023 மார்ச் 30ல் டியோர் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஒரு ஷோ நடத்தியது. பல வருடமாக அவர்களுக்கு எம்பிராய்டரி செய்யும் சாணக்யா பட்டறை மும்பையில் இருப்பதுதான் காரணம். சென்னையிலும் ஒன்று உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. பாரிஸின் புகழ்பெற்ற எம்பிராய்டரிக் குடும்பமான லெசாஜின் பிள்ளை ஜான் ஃபிரான்சுவா லெசாஜ் 1990களில் சென்னைக்கு வந்து நண்பர்களோடு வஸ்திரகலா என்ற பட்டறையைத் தொடங்கினார். ஐரோப்பிய அரண்மனைகளின் திரைச்சீலைக்கும் நாற்காலி உறைக்கும் வேண்டிய பூவேலை அங்கே நடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் எம்பிராய்டரிக்குப் பயன்படுத்தும் லூனேவில் கொக்கி என்பது நம் ஆரி ஊசிக்கு ஒன்றுவிட்ட தம்பிதான், கையை மாற்றிப் பிடித்தால் சட்டென்று பழகிவிடும்.

பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. 2025 ஜூனில் பிராடா மிலான் ஷோவில் கோலாப்பூர் செருப்பு மாதிரியே ஒன்றைக் காட்டியது, கோலாப்பூர் என்ற பெயரே இல்லை. அந்தச் செருப்புக்கு 2019 முதல் புவிசார் குறியீடு உண்டு. சத்தம் போட்டபிறகு ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடக அரசுத் தோல் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு, இங்கேயே 2,000 ஜோடி செய்து ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். கோலாப்பூர்ச் சந்தையில் ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல ஜோடி எடுக்கலாம். செய்தவருக்கு 800ல் எத்தனை போகும் என்பதுதான் என் கேள்வி, அதை எந்த அறிவிப்பிலும் பார்க்கவில்லை.

டிசைனர் பை ஒரு முதலீடு என்கிறார்களே?

விற்கிறவர்தான் சொல்வார். ஹெர்மெஸில் சில பைகள், ஷனேலில் ஓரிரண்டு, இவை கைமாறும்போது விலை நிற்கும். மீதி எல்லாம் கடை வாசலைத் தாண்டியதும் இறங்கும், துணி என்றால் கேட்கவே வேண்டாம். பட்டுப் புடவையையாவது "பழைய பட்டு வாங்குறோம்" என்று தெருவில் வருபவரிடம் போட்டால் அசல் சரிகையின் வெள்ளிக்காவது ஏதோ தேறும். பிளாஸ்டிக் பூசிய கேன்வாஸில் உருக்க என்ன இருக்கிறது?

ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி வாங்கினால் என்ன தப்பு?

பதிவு செய்த முத்திரையைப் போட்டுப் போலி செய்வதும் விற்பதும் வணிகச்சின்னச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. வாங்குபவரைப் பிடிப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், எனக்கு அதில் வேறு வருத்தம். மூவாயிரம் கொடுத்துப் போலி வாங்குகிறீர்கள், அதில் தோல் இருக்காது, ஜிப் ஆறு மாதத்தில் பல்லை இளிக்கும், யாராவது உற்றுப் பார்த்தால் பையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அதே மூவாயிரத்துக்குப் பெயரில்லாத நல்ல தோல் பை கிடைக்கிறதே.

விற்காத சரக்கை எரித்துவிடுகிறார்களாமே?

எரித்தார்கள். பிரிட்டிஷ் பிராண்டான பர்பெரி 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புச் சரக்கை அழித்ததாக அதன் கணக்கறிக்கையிலேயே இருந்தது. பெரிய எதிர்ப்பு வந்து அந்த 2018லேயே நிறுத்துவதாகச் சொன்னார்கள். பிரான்சில் 2022 முதல் விற்காத துணியை அழிப்பதைச் சட்டமே தடுக்கிறது. எரித்ததற்கு, தள்ளுபடியில் விற்றால் பெயர் கெடும் என்ற பயம்தான் காரணம். உங்களுக்கு வந்த "80 சதவீதம் தள்ளுபடி டிசைனர் சேல்" லிங்க்கை அழுத்தும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு டிசைனர் லெஹங்கா எடுக்கச் சொல்லி வீட்டில் அடம். என்ன செய்ய?

இது நுட்பமான விஷயம், குடும்பத்தில் நான் தலையிட மாட்டேன். ஆனால் பொதுவாகச் சொன்னால், கல்யாண டிசைனர்களின் உடையில் கைவேலை நிஜமாகவே அதிகம், ஜர்தோசி, ஆரி என்று பல பேர் பல வாரம் உட்கார்ந்து செய்வது. ஐரோப்பிய டீ-ஷர்ட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. அதோடு பெயருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். கல்யாண உடைக்குப் பெயர்போன டிசைனர் சப்யசாச்சியின் நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கை 2021ல் ஆதித்ய பிர்லா நிறுவனம் 398 கோடிக்கு வாங்கியது, அந்தத் தொகை தையல் மெஷினுக்காக இல்லையே. வரியையும் மறக்காதீர்கள், 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இரண்டு லட்சம் என்றால் முப்பத்தாறாயிரம் வரியே போகும்.

போட்டோவைக் காட்டி உள்ளூர் ஆரி ஒர்க் பட்டறையில் செய்யச் சொல்லலாமா என்று அடுத்த கேள்வி வரும். டிசைனை அப்படியே உருவுவது சரியில்லை. உங்கள் பாட்டி புடவையின் முந்தானைக் கோலத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், அது வேறு யாரிடமும் இருக்காது. மூன்று மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். முகூர்த்த நாள் நெருங்கினால் எந்தப் பட்டறையும் போனை எடுக்காது.

நீங்கள் எப்போதாவது வாங்கியிருக்கிறீர்களா?

ஒரே ஒரு தடவை. வேலை விஷயமாக மிலான் போனபோது, வீட்டம்மாவுக்கு என்று ஒரு பெரிய பெயர்க் கடையில் பட்டு ஸ்கார்ஃப் எடுத்தேன். அந்த மாதச் சம்பளத்தில் பாதி போனது. விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்கும் கவுன்டரில் இருந்த வரிசையைப் பார்த்துவிட்டு, விமானம் போய்விடும் என்று அதையும் விட்டுவிட்டேன். ஊருக்கு வந்து கொடுத்தால், ஓரத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். கையால் சுருட்டித் தைத்த ஓரம், அதைப் பார்த்துத்தான் நானும் மயங்கியிருந்தேன். "ஓரம் நல்லா அடிச்சிருக்காங்க" என்றார். விலையைக் கேட்டார், மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துச் சொன்னேன், அதற்கே திட்டு விழுந்தது. ஒன்பது வருடம் ஆகிறது. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில், கடைக்காரர் கொடுத்த அதே பெட்டியில் இருக்கிறது. பெட்டியும் நல்ல பெட்டி, கனமான அட்டை.